பொத்தானை விட்ட இடக்கை

1991-ஆம் ஆண்டு, நவராத்திரிக்குச் சில வாரங்கள் இருந்தபோது, எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். அலுவலகத்தில் இரண்டு விதமான கம்ப்யூட்டர்கள் இருந்தன. எது சீக்கிரம் கம்பைல் செய்கிறது என்று அளந்து சொல்ல வேண்டும். சாதாரண வேலை. அது முடிந்தபோது என்னிடம் ஒரு பயம் ஒட்டிக்கொண்டது. இப்போது எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அது இன்னும் போகவில்லை.

ஒரகடம் கூட்டுரோட்டில் இறங்கிச் சற்று நடந்தால் எங்கள் தொழிற்சாலை. முன்பக்கம் மாடியில் அலுவலகம், பின்பக்கம் கீழே பிரஸ் ஷாப். வண்டிகளுக்கான இரும்புத் தகடுகளை பவர் பிரஸ்ஸில் வைத்து அடித்து வளைத்து அனுப்புவார்கள். அதோடு, பிரஸ்ஸை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளையும் நாங்களே செய்து விற்கலாம் என்று முதலாளி தொடங்கியிருந்தார். அந்தப் பெட்டிக்குள் ஒரு போர்டு, போர்டில் ஒரு சிப், சிப்புக்குள் ஒரு நிரல். நிரலை எழுதியவர் எங்கள் சீனியர். அவருக்கு உதவியாக நான். நான் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவேன்.

நாம் எழுதும் நிரலை இயந்திரம் நேரடியாகப் படிக்கும் எண்களாக மாற்றுவதற்குத்தான் கம்பைல் என்று பெயர். மாற்றிய எண்களைச் சிப்பில் ஏற்றி, அதன் கண்ணாடிச் சன்னலில் வெளிச்சம் பட்டு எண்கள் அழியாமலிருக்க ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டி, போர்டில் செருகுவோம். பழைய கம்ப்யூட்டரில் டாஸ் என்ற இயங்குதளம் இருந்தது. அதில் கம்பைல் போட்டுவிட்டு டீ குடித்து வரலாம். புதிதாக வாங்கிய பெரிய இயந்திரத்தில் யூனிக்ஸ். அதைக் கண்ணாடி அறையில் ஏசி போட்டு வைத்திருந்தார்கள். சம்பளக் கணக்குப் பிரிவும் அதைத்தான் பயன்படுத்தியது. எல்லா வேலையையும் ஒரே இடத்துக்குக் கொண்டுபோய்விடலாமா என்று முதலாளிக்கு யோசனை.

அளப்பது என்றால் எனக்குப் பிடிக்கும். யூனிக்ஸில் ஒருமுறை கம்பைல் செய்த பிறகு இரண்டாம் முறை அது வேகமாகிவிடுகிறது, ஏனென்றால் கோப்புகளை நினைவில் வைத்துக்கொள்கிறது. அது நியாயமில்லை என்று ஒவ்வொரு முறையும் இயந்திரத்தை அணைத்துப் போட்டேன். சம்பளக் கணக்கு ஓடும்போது தனியாக, ஓடாதபோது தனியாக அளந்தேன். டாஸில் பதினோரு நிமிடம் ஆனது. யூனிக்ஸில் நான்கு நிமிடத்துக்குள் முடிந்தது, கணக்குப் பிரிவு கூட ஓடினால் ஏழு. யார் பார்த்தாலும் எது வேகம் என்று தெரியும்.

அந்த நாட்களில்தான் பிரஸ் ஷாப்புக்குப் போய் ஆபரேட்டரிடம் பேசினேன். நிரல் எப்படி ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருந்தது. அவர் வடக்குப்பட்டுக்காரர், என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், பெரிய பிரஸ் அவர் பொறுப்பு. பிரஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு பச்சைப் பொத்தான்கள். இரண்டு கையாலும் இரண்டையும் அழுத்திப் பிடித்தால்தான் மேல்பாகம் இறங்கும். இறங்கும்போது ஒரு கையை எடுத்தாலும் நடுவழியில் நின்றுவிடும். கை உள்ளே போகாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் இரண்டு பொத்தானையும் அழுத்தினார். மேல்பாகம் இறங்கத் தொடங்கியது. சட்டென்று இடது கையை எடுத்து உள்ளே விட்டார். பிரஸ் புஸ்ஸென்று காற்றை விட்டு நின்றது. அவர் தகட்டை நேராகத் தள்ளி வைத்துவிட்டுக் கையை வெளியே எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"பீஸ் கோணலா இருந்திச்சி மேடம். இப்ப நேராயிட்சி."

"இறங்கிட்டு இருக்கும்போதா கைய விடுவீங்க?"

"அதான் நிக்குதே. நீங்க போட்ட புரோகிராம்தானே அது. நின்னுடும் மேடம்."

"ஒரு நாள் நிக்கலன்னா?"

"இடது கைதானே." பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். "சோறு துன்றது வலது கைல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் வந்து ஒரு சத்தம் போட்டார். அவர் திரும்பிப் போனதும் ஆபரேட்டரின் இடது கை மறுபடி உள்ளே போயிற்று. தகட்டை முதலிலேயே சரியாக வைக்க ஒரு கணம் கூடுதலாகும். நடுவில் சரிசெய்தால் அந்தக் கணம் மிச்சம். ஷிப்ட் முழுக்க அப்படியே கை போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

அளந்து முடித்த பிறகு, இரண்டு இயந்திரமும் தயாரித்த எண்களின் அளவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். நிரல் ஒன்றுதான், ஓர் எழுத்துகூட மாற்றவில்லை. ஆனால் யூனிக்ஸ் தயாரித்தது சிறியதாக இருந்தது. சீனியரிடம் காட்டினேன்.

"புது கம்பைலர்மா," என்றார். "தேவையில்லாததை அதுவே எடுத்துடும். சின்னதா இருந்தா நல்லதுதானே?"

"என்னத்த எடுத்திருக்கும் சார்?"

"உனக்குக் கொடுத்தது டயம் பார்க்கற வேலை. பார்த்தாச்சு இல்ல? ரிப்போர்ட் எழுது."

எழுதவில்லை. எதை எடுத்துவிட்டுச் சுருங்கியது என்று தெரியாமல் எப்படி எழுதுவது? இரண்டையும் அச்சடித்துக்கொண்டேன். மடிமடியாக நீளும் கம்ப்யூட்டர் காகிதத்தில் இரண்டு கட்டு. பெரிய பிரஸ்ஸில் அதுவரை ஓடிக்கொண்டிருந்தது டாஸில் செய்த சிப். அதன் ஸ்டிக்கரில் பேனாவால் 1 என்று எழுதினேன். யூனிக்ஸில் செய்த புதிய சிப்பில் 2 என்று எழுதினேன். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மத்தியானம், மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் என்று பிரஸ்ஸை நிறுத்தி, போர்டிலிருந்து 1-ஐக் கழற்றினேன். அதற்குள் ஷாப்பைக் கழுவ ஆட்கள் வாளியோடு வந்துவிட்டார்கள்.

"பூஜை முடியட்டும்மா, விஜயதசமி அன்னிக்குப் பார்த்துக்கலாம்," என்றார் சீனியர்.

இரண்டு சிப்பையும் கறுப்புப் பஞ்சில் குத்தி, கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்து மூடினேன். கதவில் "சிப் இல்லை, இயக்க வேண்டாம்" என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.

வீட்டில் மாமியார் பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த கட்டைப் பார்த்தார்.

"இது இன்னாமா, இம்மாம் நீளம்?"

"ஆபீஸ் பேப்பர் அத்த. ராத்திரி படிக்கணும்."

"படிக்கிறதா? அப்ப அதுவும் சரஸ்வதிதான். கொண்டா இங்க." வாங்கி, பலகையில் வைத்து, மேலே பட்டுத்துணியைப் போர்த்தி மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டார். வைத்தது வைத்ததுதான். மறுபூஜை ஆகும்வரை தொடக்கூடாது. ஆயுத பூஜை நாள் முழுவதும் அந்தத் துணியின் கீழே நீட்டிக்கொண்டிருந்த காகித விளிம்பைப் பார்த்தபடி சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்தது. ஆளுக்கு ஒரு புத்தகத்தை எடுத்து நாலு வரி படிக்க வேண்டும். நான் காகிதக் கட்டை எடுத்துப் பூஜை அறை வாசலிலேயே உட்கார்ந்தேன்.

பிரஸ் இறங்கும் பகுதிக்கு நேராகப் போனேன். அந்தப் பகுதி ஒரு சுற்று. மேல்பாகம் அடிவரை போய்ச் சேரும்வரை நிரல் அந்தச் சுற்றையே திரும்பத் திரும்பச் செய்யும். டாஸ் காகிதத்தில், ஒவ்வொரு சுற்றிலும் பொத்தான்களைப் பார்க்கும் வரி உள்ளே இருந்தது. இரண்டு கையும் இருக்கிறதா? இருக்கிறது, இறங்கு. இருக்கிறதா? இருக்கிறது, இறங்கு. இல்லையா? நில்.

யூனிக்ஸ் காகிதத்தில் அந்த வரி சுற்றுக்கு வெளியே, மேலே போயிருந்தது.

பிழையாக அச்சாகியிருக்குமோ என்று முதலில் நினைத்தேன். விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கிப் பார்த்தேன். சரிதான். தொடங்கும் முன் ஒருமுறை பொத்தான்களைப் பார்க்கிறது. இரண்டு கையும் இருக்கின்றன. அதன்பின் அடிவரை அது பார்க்கவே இல்லை. சுற்றுக்குள் பொத்தானின் மதிப்பை மாற்றும் வரி எதுவும் நிரலில் கிடையாது, மாறாத ஒன்றை எதற்கு மறுபடி மறுபடி படிப்பது என்று கம்பைலர் அதை மிச்சம் பிடித்திருக்கிறது. அதன் கணக்கில் தவறில்லை. அந்த மதிப்பை மாற்றுவது நிரல் அல்ல, வெளியே உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் கை என்பது அதற்குத் தெரியாது. அதைக் கம்பைலருக்குத் தெரிவிக்க ஒரு சொல் இருக்கிறது. சீனியர் அதை எழுதவில்லை. பழைய கம்பைலருக்கு அது தேவைப்பட்டதில்லை.

இரண்டு சிப்பும் பஞ்சில்தான் இருக்கின்றன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உடனே இன்னொன்று நினைவுக்கு வந்தது. இன்று காலை நல்ல நேரத்தில் பெரிய பிரஸ்ஸை ஓட்டி முதல் பீஸ் அடிப்பார்கள். ஆண்டுதோறும் அப்படித்தான். சிப் இல்லாமல் பிரஸ் ஓடாது. ஓடவில்லை என்றால் யாராவது பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். உள்ளே காலியான ஒரு இடம், பக்கத்தில் அதில் பொருந்தக்கூடிய இரண்டு சிப்.

வீட்டில் போன் கிடையாது. "நாலு வரி படிச்சியா இல்லியா?" என்று மாமியார் கேட்டது செருப்பை மாட்டும்போது காதில் விழுந்தது.

பஸ்ஸின் முன்பக்கம் இரண்டு வாழைக்கன்றுகள் கட்டியிருந்தார்கள். கண்ணாடி நிறையச் சந்தனம். டிரைவர் மெதுவாகத்தான் ஓட்டினார். கண்டக்டர் இடது கை விரல்களின் இடுக்கில் நோட்டுகளை மடித்துச் செருகியபடி வந்தார். அந்த விரல்களையே பார்த்தேன். முன்னால் ஒருவர் இடது கையால் கம்பியைப் பிடித்து நின்றார். ஒரு தாய் இடது கையில் குழந்தையைத் தாங்கியிருந்தாள். பஸ் முழுக்க இடது கைகள். 1-ஐப் போட்டிருந்தால் ஒன்றும் இல்லை. 2-ஐப் போட்டிருந்தாலும் முதல் பீஸில் ஒன்றும் தெரியாது. பத்தாவதில்கூடத் தெரியாது. எல்லாம் ஒழுங்காக ஓடும். என்றைக்குத் தகடு கோணலாக உட்காருகிறதோ அன்றைக்குத்தான் தெரியும். அது முதல் பீஸாகவும் இருக்கலாம்.

கூட்டுரோட்டிலிருந்து ஓடினேன். புடவையில் ஓடும் என்னை டீக்கடைக்காரர்கள் பார்த்தார்கள்.

ஷாப்புக்குள் கற்பூர வாசனை. பிரஸ்ஸின் நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் சாமந்தி மாலை. முதலாளி, சீனியர், எலக்ட்ரீசியன், வேலைக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். புதுச் சட்டை போட்ட ஆபரேட்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தகடு உள்ளே வைத்தாயிற்று. கட்டுப்பாட்டுப் பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் சீட்டைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் மூன்று சந்தனக் கோடுகள்.

"நிறுத்துங்க," என்றேன். மூச்சு வாங்கியதில் குரல் பாதிதான் வந்தது. "கைய எடுங்க அதிலேர்ந்து."

ஆபரேட்டர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் எலக்ட்ரீசியனிடம் போனேன்.

"சிப் யார் போட்டது?"

"நான்தான் மேடம். தொறந்தா ஓட்டையா கீது. பூஜைக்கு மிஷின் முழுசா இருக்கணும் இல்ல? அதான் போட்டேன்."

"எது போட்டீங்க, ஒண்ணா ரெண்டா?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானே கீது மேடம். கைக்கு வந்தது எடுத்து போட்டேன்."

"ஸ்டிக்கர்ல நம்பர் எழுதியிருந்தேனே."

அவர் தலையைச் சொறிந்தார். "பொட்டு வெச்சிட்டேன் மேடம். எல்லாத்துக்கும் வெக்கச்சொல்லோ இதுக்கும்."

மெயினை அணைக்கச் சொல்லிப் பெட்டியைத் திறந்தேன். போர்டில் செருகியிருந்த சிப்பின் மேல் காய்ந்த சந்தனமும் குங்குமமும். பஞ்சில் இருந்த மற்றொன்றின் மேலும் அதேதான், அதே அளவில், நேர்த்தியாக. நகத்தால் சுரண்டினேன். ஈரச் சந்தனத்தில் பேனா மை கரைந்து ஸ்டிக்கர் முழுவதும் நீலமாகியிருந்தது. எண் இல்லை.

"என்னம்மா இது," என்றார் முதலாளி. "நல்ல நேரம் போயிட்டிருக்கு. ஒரு பீஸ் அடிச்சு நிறுத்தப் போறோம். நாளைக்குப் பார்க்கக்கூடாதா?"

சொன்னேன். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. இரண்டு சிப்பில் ஒன்று கையை எடுத்தாலும் நிற்காது, எது என்று எனக்குத் தெரியவில்லை என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

சீனியரின் முகம் இறுகியது. "அது எப்படி நிக்காம போகும்? நான் எழுதினது நிக்கும்."

"நீங்க எழுதினது நிக்கும் சார். இது மாத்தினது."

"மேல போய் சிப்பைப் படிச்சுப் பார்த்தா தெரிஞ்சிடும்," என்றார் அவர். ஆனால் அலுவலகத்துக்கு இன்னும் மறுபூஜை ஆகவில்லை, கம்ப்யூட்டர்கள் மாலையோடு இருந்தன. முதல் பீஸ் அடித்த பிறகுதான் அங்கே போவது வழக்கம். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இங்கேயே பார்க்கலாம்," என்றேன். "கை மாதிரி ஏதாவது ஒண்ணு உள்ள வெக்கணும்."

ஆபரேட்டர் எழுந்தார். "இரு மேடம்," என்று வாசலுக்குப் போனார். பூஜைக்குக் கட்டியிருந்த வாழைமரத்தில் ஒரு முழத்துக்கு வெட்டி, மட்டைகளை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டே வந்தார். சாமிக்குக் கட்டினதை இப்படியா வெட்டுவது என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவர் தன் முழங்கையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இன்னொரு மட்டை உரித்தார். சரியாக ஒரு கையின் பருமனுக்கு வந்ததும் உள்ளே வைத்தார்.

"தோ, என் கை," என்றார். "மோதிரம் ஒண்ணுதான் கொறச்சல்."

சிலர் சிரித்தார்கள். மெயினைப் போட்டார்கள். அவர் இரண்டு பொத்தானையும் அழுத்தினார். மேல்பாகம் இறங்கத் தொடங்கியது. "இப்ப எடுங்க," என்று நான் சொல்வதற்குள், பழகிய கை, அதுவாகவே இடது பொத்தானை விட்டது.

பிரஸ் நிற்கவில்லை. காற்றுச் சத்தம் வரவில்லை. ஒரே சீராக இறங்கித் தண்டின் மேல் உட்கார்ந்தது. வாழைச் சாறு இரண்டு பக்கமும் பீறிட்டு அவர் புதுச் சட்டையிலும் என் புடவையிலும் அடித்தது. மேல்பாகம் திரும்ப உயர்ந்தபோது அடியில் நாரும் தண்ணீரும் ஒட்டிய தட்டையான ஒன்று கிடந்தது.

ஆபரேட்டரின் இடது கை இன்னும் காற்றில், பொத்தானுக்கும் பிரஸ்ஸுக்கும் நடுவில், எடுத்த இடத்திலேயே நின்றது. அவர் அதைப் பார்த்தார். விரல்களை ஒருமுறை மடக்கி விரித்தார். பிறகு சட்டையில் துடைத்துக்கொண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். எலக்ட்ரீசியன் தரையில் குந்திவிட்டார்.

சிப்பை நானே மாற்றினேன். அவசரத்தில் அதன் கம்பிக்கால் ஒன்று வளைந்து, மறுபடி நிமிர்த்திச் செருக வேண்டியிருந்தது. இன்னொரு முழம் வாழை வந்தது. இந்த முறை இடது கையை எடுத்ததும் புஸ்ஸென்று காற்றுப் போனது. மேல்பாகம் தண்டுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் நின்றது. திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னேன். போதும் என்று முதலாளி சொன்ன பிறகும் இன்னும் இரண்டு முறை. நல்ல நேரம் எப்போதோ முடிந்திருந்தது. முதல் பீஸை ஆபரேட்டர் அடித்தபோது இரண்டு கையும் கடைசிவரை பொத்தானிலேயே இருந்தன.

அந்த வாரம் ரிப்போர்ட் எழுதினேன். யூனிக்ஸ் வேகம் என்பதை அளந்தபடியே எழுதினேன், ஏனென்றால் அது உண்மை. விடுபட்ட அந்தச் சொல்லையும் எழுதினேன். சீனியர் நிரலில் அதைச் சேர்த்தார். மறுபடி கம்பைல் செய்து அச்சடித்தோம். பொத்தானைப் பார்க்கும் வரி சுற்றுக்குள் வந்திருந்தது. நேரமும் கூடவில்லை. வேலை முழுவதும் பெரிய இயந்திரத்துக்கு மாறியது. ஆனால் புதுச் சிப் எது வந்தாலும் வாழைத்தண்டு வைத்துப் பார்க்காமல் போர்டை வெளியே அனுப்புவதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். தண்டு கொண்டுவருவது ஆபரேட்டர். நசுங்காமல் தப்பித்ததைச் சாயங்காலம் பொரியலுக்கு வீட்டுக்கு எடுத்துப் போவார்.

தீபாவளி கழிந்து மழை விட்ட ஒரு நாள், ஷாப் வழியாகக் கேன்டீனுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஓவர்டைம் என்று எல்லோரும் அவசரத்தில் இருந்தார்கள். ஆபரேட்டர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். மேல்பாகம் இறங்கத் தொடங்கியது. இடது கை பொத்தானை விட்டு உள்ளே போயிற்று.

காற்றுச் சத்தம் வந்தது. பிரஸ் நின்றது. தகட்டைத் தள்ளிவிட்டுக் கை வெளியே வந்தது.

அவர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

"நிக்கும் மேடம்," என்றார். "நீங்கதான் தண்டு வெச்சி பாத்துட்டீங்களே."

அன்று நான் சாப்பிடவில்லை. மேலே போய் நிரலை எடுத்து, அந்தச் சுற்றை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தேன். கீழே பிரஸ் இறங்கும் சத்தமும், நடுநடுவே காற்று விடும் சத்தமும் கேட்டன. ஒவ்வொரு இறக்கத்துக்கும் அந்தக் காற்றுச் சத்தம் வருகிறதா என்று காது காத்துக்கொண்டே இருந்தது. பல இறக்கங்களில் அது வரவில்லை. அவர் கையை எடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பார்த்து வந்தேன்.